சேத விவரம்

புவனேஸ்வரத்திலிருந்து அரை மணி நேரம் ஷேர் ஆட்டோ.
கோபுரம் தெரியுமென்று
கழுத்தை நீட்டிக்கொண்டே வந்தேன்.
வயல் வந்தது, தாழைப் புதர் வந்தது,
ஒரு குளத்தில் எருமை தேய்த்துக்கொண்டிருந்தவள் வந்தாள்.
"ஹீராப்பூர் யோகினிகள் எங்கே?"
"தாண்டி வந்துட்டியே."

பெரிய கிணற்றின் கைப்பிடிச் சுவர் மாதிரி
ஒரு வட்டம், அவ்வளவுதான் கோயில்.
நுழையக் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது
ஆகாயம் மொத்தமும் தலைமேல் இருந்தது.
"கூரை போட்டா இவங்க எப்படிப் பறக்கிறது?"
என்றார் காவலாளி அனாதி பாரிக்,
குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்பவர்போல.

அலுவலகம் கொடுத்த படிவத்தில் நான்கு கட்டம்:
எண். உயரம். வாகனம். சேத விவரம்.
ஒப்பந்த வேலை.
சிலைக்கு நாற்பது ரூபாய்.

முழங்கால் உயரப் பெண்கள், கரிய கல்.
நண்டின்மேல் ஒருத்தி, மீனின்மேல் ஒருத்தி,
எலியின்மேல் நின்று வில்லை வளைப்பவள் ஒருத்தி.
வில் இருக்கிறது,
வளைக்கும் கை இல்லை.
ஒன்று: இரு கைகளும் இல்லை.
இரண்டு: வலக்கை மணிக்கட்டோடு இல்லை.
மூன்று: மேற்படி.
நான்கு: மேற்படி.
பதினேழுக்கு மேல் மே.ப. என்று மட்டும் எழுதினேன்.
யார் உடைத்தது என்று கேட்டேன்.
"படை வந்துச்சும்பாங்க. இடி விழுந்துச்சும்பாங்க.
நாங்களும் சின்ன வயசுல
இதுக்குள்ள பந்து விளையாடியிருக்கோம்"
என்று சொல்லி அனாதி பாரிக் வேறு பக்கம் பார்த்தார்.

பதினோரு மணிக்குமேல்
மஞ்சள் ஈ-ரிக்ஷா ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு
ஒருத்தி வந்தாள்.
குந்தளா ஜேனா, பிப்பிலிப் பக்கம்.
உள்ளே வந்ததும் அவள் இட்ட குலவை
சுவரைச் சுற்றி ஓடி
போக வழி தெரியாமல் மேலே போயிற்று.
பிளாஸ்டிக் பை நிறைய சிவப்புக் கண்ணாடி வளையல்.
அறுபத்து நான்கு.
லைசன்ஸ் கிடைத்தால் என்று வேண்டிக்கொண்டாளாம்,
மூன்றாம் தடவையில் கிடைத்ததாம்.

"கையே இல்லையே" என்றேன், படிவத்தைக் காட்டி.
"கை இல்லன்னா வளையல் ஆசை இருக்காதா?"
அளவு எப்படித் தெரிந்தது?
"கடைக்காரனும் அதான் கேட்டான், யார் கைக்குன்னு.
எல்லாரும் ஒல்லியா இருப்பாங்க,
ரெண்டே காலே போடுன்னேன்."

மாடம் மாடமாக உட்கார்ந்து நகர்ந்தாள்.
நண்டின் கொடுக்கருகே ஒன்று,
கிளியின் அலகில் மாட்டி ஒன்று,
ஆனைமுகத்தாளுக்கு மட்டும்
"உனக்குப் பத்தாதுடி" என்று சிரித்தபடி
பாதத்தில் ஒன்று.
நானும் பின்னாலேயே நகர்ந்தேன்,
அவள் வைக்க நான் எழுத,
யார் யாருக்கு உதவியாள் என்று தெரியாமல்.

நடு மண்டபத்தில் ஒரு மாடம் காலி.
எப்போது போனாள், யார் கொண்டுபோனார்கள்,
யாருக்கும் தெரியாது.
உயரம் எழுத முடியவில்லை. வாகனம் எழுத முடியவில்லை.
இல்லாத சிலைக்கு
நாற்பது ரூபாய் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
குந்தளா வெறுங்கல்லில் வளையலை வைத்தாள்.
"வெளிய போயிருக்கா. வந்து போட்டுக்கட்டும்."

அறுபத்தொன்று. சேத விவரம்:
பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்து
கடைசியில் ஒரு கோடு போட்டேன்.

திரும்பும்போது அவள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டாள்.
குளத்தருகே பேட்டரி செத்துப்போயிற்று.
"அவர் இருந்தப்பவும் இங்கதான் நிக்கும்,
இதுக்கு எருமைன்னு நெனப்பு"
என்று இறங்கினாள்.
நான் பின்னாலிருந்து தள்ள
அவள் வெளியே நடந்தபடி கைப்பிடியைத் திருப்பினாள்.
வெயிலில் கறுத்த கை.
மணிக்கட்டில் மட்டும்
வளையல் அளவுக்கு ஒரு வட்டம்
இன்னும் வெளுப்பாக.