சா.பொ. 4

மகஜரில் இப்படித்தான் எழுதியிருந்தது:
‘பழைய தாள் ஒன்று. கறுப்பு மசி.
மீன் படம் போட்டது. மதிப்பு தெரியவில்லை.’
ஏட்டு மாயழகு மேல் தப்பில்லை,
கடல் முழுக்க மீன்தான்,
ஒன்றுக்குப் பன்றியின் மூக்கு.

சொத்து அறையில் இடம் பார்க்க வேண்டியிருந்தது.
அரிவாள்கள் ஒரு மூலை.
வைகையில் திருடிய மணல், மாதிரிக்கு ஒரு சாக்கு, வாசலோரம்.
பீரோவின் மேல்தட்டைத் துடைத்துக் கொடுத்தேன்.
நாப்தலின் உருண்டை என் கைக்காசு.

எதிரி குணசிங், வயது ஐம்பத்தொன்று.
மேலவெளி வீதியில் டிக்கெட் போட்டுத் தரும் கடை.
சிங்கப்பூருக்கும் மஸ்கட்டுக்கும் ஆயிரம் பேரை ஏற்றிவிட்டவன்
தான் தூத்துக்குடி தாண்டியதில்லை என்றான்,
யாரும் கேட்காமலே.
பசுமலைப் பக்கம் ஒரு குருமடத்து நூலகம்,
அதில் உலகைச் சுற்றிவந்த கப்பல்காரனின் புத்தகம்.
நூலை எச்சிலில் நனைத்துத்
தையல் மடிப்பில் கிடத்தி மூடி
ஒரு மணி நேரம் ஜெபிக்கிறவன்போல் இருந்தானாம்.
தாள் தானாக வந்ததாம்,
அவித்த பனங்கிழங்கில் தோல் வருவதுபோல.

மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். விதி.
அரிவாளை எண்ணினேன்.
மணலை எண்ண முடியாது.
தாளை விரித்தேன்.

மதுரை கடற்கரையில் இருந்தது.
பெயரில் ஓர் எழுத்து அதிகம், ஆனாலும் நம் ஊர்தான்.
பக்கத்தில் ஒரு கோடு எங்கும் நிற்காமல் ஓடி
உப்புத் தண்ணீரில் விழுந்தது.
ராமநாதபுரத்துக் கண்மாயோடு முடிகிற ஆறு
செப்புத்தகட்டில் மட்டும் கடலைப் பார்த்திருக்கிறது.
சாக்கின் பக்கம் நான் திரும்பவில்லை.

அதற்கு மேலே அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.
தெரியாத இடத்தில் ஒரு யானையைப் படுக்கவைத்திருந்தான்.
வெற்றிடம் நிரப்ப அப்படி வரைவார்கள்,
அர்த்தம் கிடையாது என்றார் சென்னையிலிருந்து வந்த நிபுணர்,
ஒத்தக்கடைக்காரியிடம்.
பஸ் ஜன்னலில் அதன் முதுகைப் பார்த்துத்தான்
தினமும் வேலைக்கு வருகிறேன்.
அளவு தப்பு. கரை தப்பு. யானை சரி.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்:
‘இதுபோல் நானூறு தாள் அச்சடித்திருப்பான்.
இது அந்தப் புத்தகத்துத் தாள்தான் என்பதற்குச் சாட்சி யார்?’

குண்டூசித் தலையளவு ஓர் ஓட்டை.

எந்தக் காலத்திலோ ஒரு புழு
பின்னட்டையில் புகுந்திருக்கிறது.
பாய்மரம் இல்லை, ஈறு அழுகிச் செத்த மாலுமி இல்லை,
மலாக்காவைத் துளைத்து, பெயரிடாத தீவொன்றைத் தின்று,
நன்னம்பிக்கை முனையைக் கொஞ்சம் உரசி
முன்னட்டையில் வெளியேறியிருக்கிறது.
ஊர் திரும்பியதில் தொடங்கி
நங்கூரம் எடுத்ததில் முடிகிற பயணம்.

தாளை அதன் இடத்தில் வைத்தார்கள்.
முன்தாளில் ஓட்டை, இதில் ஓட்டை, பின்தாளில் ஓட்டை.
மூன்றிலும் ஒரே டார்ச் வெளிச்சம்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு
அதன் வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தார்,
தேவைக்கு அதிகமான நேரம்.
வக்கீலுக்குக் குறுக்கு விசாரணை இல்லை.

ஓராண்டு.
வேனில் ஏறும் முன் குணசிங் என்னிடம் கேட்டான்:
‘புழு எந்தப் பக்கமாப் போச்சும்மா,
கிழக்காலயா மேற்காலயா?’
தெரியாது என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இன்றைக்கும் யோசிக்கிறேன்.

செஷன்சிலும் தோற்றான்.
சீராய்வு மனு உலகனேரிக்குப் போயிருக்கிறது.
பெயர் நான் வைத்ததல்ல,
உயர்நீதிமன்றக் கிளை இருக்கிற ஊர் அது.
முடியும்வரை தாள் என் பீரோவில்.
எடுக்கும்போதெல்லாம் உறையின் அடியில்
இம்மியளவு மஞ்சள் தூள் உதிர்கிறது.
மென்ற கடல்.
பதிவேட்டில் அதற்குக் கலம் இல்லை.
‘எல்லாம் சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினேன்.