அறுபத்திரண்டாவது அடி

செம்மண்டலத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
வக்கீல் தனபாக்கியம் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"கல்யாணம் ஆச்சா?"
இல்லை.
"பத்திரம் யார் பேர்ல?"
அவர் பேரில்.
"அப்ப நீ குடுத்ததுக்கு என்ன இருக்கு?"

கட்டைப்பை நிறைய இருந்தது.
ஏழு வருட பேங்க் ஸ்டேட்மென்ட்,
மெழுகு மணக்கும் அடகுச் சீட்டு,
போனில் அனுப்பிய பணமெல்லாம், குறிப்போடு:
ஜல்லி. கம்பி. கொத்தனார். மறுபடி ஜல்லி.
பதினெட்டாயிரத்துக்கு நேரே மட்டும்
"சும்மா."

"இந்தச் சும்மா என்ன?"
அவன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்.
கட்டு அவிழ்த்த அன்றும்
அவர் என்னைப் பார்க்கவில்லை.
"அது வராது" என்று
பென்சிலால் வட்டம் போட்டார் வக்கீல்.

கோண்டூர் மனை வாங்கும்போது
லோனுக்கு அவன் சம்பளச் சீட்டுதான் செல்லும் என்றார்கள்.
அமலதாஸ் சிப்காட்டில் நிரந்தரம்.
நான் லேபில் ரத்தம் எடுப்பவள்,
மாதக் கடைசியில் கவரில் சம்பளம்.
முன்பணத்துக்கு என் சங்கிலி போனது.
பத்திர ஆபீஸில் இரண்டு சாட்சி கேட்டார்கள்.
ஒருவர் டீக்கடைக்காரர்.
இன்னொருவர் நான்.
கோமளவல்லி, த/பெ அரங்கநாதன்
என்று என் வீட்டுக்கு நானே சாட்சி போட்டுவிட்டு
வெளியே வந்து இருவரும் கரும்புச்சாறு குடித்தோம்.
இனித்தது. பொய் சொல்வானேன்.

பேச்சுவார்த்தைக்கு ஷிப்ட் முடிந்து நேரே வந்தான்.
சட்டையில் அதே மருந்து நெடி.
என் மூக்கு அதைக் கண்டுபிடித்ததில்
எனக்கே என்மேல் கோபம்.
பிரிட்ஜ் எனக்கு. வண்டி அவனுக்கு.
கிரைண்டருக்கு அரைமணி நேரம் சண்டை,
அதில் இரண்டு பேருமே மாவு அரைத்ததில்லை.
கட்டிலை மட்டும்
அவனும் வேண்டாம் என்றான், நானும் வேண்டாம் என்றேன்.
வக்கீல் அந்த வரியை அடித்தார்.

"போர் போட்ட காசு?" என்றேன்.
"போர் நிலத்தோட சேர்ந்ததும்மா."

அம்மா,
லாரி வந்தது ராத்திரி பத்து மணிக்கு.
முப்பதடியில் வந்தது உப்பு.
கெடிலத்தில் தண்ணி ஓடினாலும்
எங்கள் பக்கத்துக்கு உப்புதான் விதி என்றான் டிரைவர்.
அமலதாஸ் மணல் குவியலில் தூங்கிவிட்டான்.
அடிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓட ஓட
இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்றவள் நான்.
ரெண்டு மணிக்கு, அறுபத்திரண்டாவது அடியில்,
சேறு வெளுத்து வந்ததை
கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
அதற்கு ரசீது இல்லை.

வக்கீல் எழுதுவதை நிறுத்தினார்.
அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:
"போர் காசையும் சேத்துக்குங்க மேடம்.
அவ சொல்றது சரிதான்."

ஆறு லட்சத்து நாற்பதாயிரம். மூன்று தவணை.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து.
இந்த முறை நான் சாட்சி இல்லை.

முதல் தவணை ஐந்தாம் தேதி வந்தது.
குறிப்பில் "1/3".
இரண்டாம் தவணை பதினோரு நாள் தாமதம்.
வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்டிருந்த அன்றிரவு
அவனே கூப்பிட்டான்.

"மோட்டார் ஓடுது. தண்ணி ஏறல."
பின்னால் காலி வாளி உருளும் சத்தம்.

வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
"மேல மூடியக் கழட்டு" என்றேன்.
"ஒரு குடம் தண்ணி ஊத்து. வழியற வரைக்கும்.
அப்புறம் போடு."

"குடத்துக்குத் தண்ணி?"

"பக்கத்து வீட்டுல கேளு.
பணம் எப்ப போடுவ?"