லைன்

சுமித்ரா முர்மு கையில் நாற்பது பக்க நோட்டு.
தண்ணி, சாப்டியா, சில்லறை, இறங்கணும்:
இந்தப் பக்கம் நம் சொல்,
அந்தப் பக்கம் அவள் எழுத்தில் அர்த்தம்.
லைன் என்பதை மட்டும் எழுதவில்லை.
அது ஜார்க்கண்டிலிருந்து
அவளே பையில் போட்டு வந்ததாம்.

அப்படியா, என்றேன்.

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருப்பது லைன் வீடு.
எட்டுக் கதவு, ஒரு குழாய், ஒரே தகரம்.
கம்பெனியில் எங்களுக்கு மூணாம் லைன்.
ஒரு திருகாணி சிந்தினால் லைன் நிற்கும்,
லைன் நின்றால் சூப்பர்வைசர் ஓடிவருவார்,
ஒண்ணுக்குப் போக மட்டும் அது நிற்காது.
கேன்டீனில் லைன்ல வாம்மா என்பார்கள்.
அது வேறு.

பேக்கிங் மஞ்சுநாத் உனக்கு லைன் போடுறான்டி
என்றாள் கீதாமணி.
இந்த ஒன்றுக்கு அவள் அர்த்தம் கேட்கவில்லை.
அவர்கள் ஊரில் போடுவதில்லையாம்,
அடிப்பார்களாம்.

ராத்திரி மொட்டைமாடியில் லைன் கிடைக்காது.
கிடைத்த அன்று, பென்னாகரத்தில் என் அம்மா
லைனில் இருந்தபடியே அழுவாள்,
சத்தமில்லாமல்.
ஹலோ ஹலோ, லைன் சரியில்லம்மா என்று
நன்றாகக் கேட்கும்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.
அதை அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

புதன்கிழமை லைனுக்கு வருபவர் தசரதன்.
எக்ஸெல் வண்டி, ரெக்சின் பை, வாரம் ஐந்நூறு.
எட்டில் ஆறு வீடு அவர் கணக்கு.
முதல் வீட்டிலேயே குரலை உயர்த்திவிட்டால்
கடைசி வீட்டில் பணம் எடுத்து வைத்திருப்பார்கள்
என்று தெரிந்தவர்.

அந்தப் புதன் ஐப்பசி மழை.
தைலமரக் கிளை விழுந்து கம்பி அறுந்தது.
கம்பத்தின் மேல் திம்மராயன்,
கீழே ஒருவர் போனில்
லைன் கிளியர் குடுத்தாச்சா, குடுத்தாச்சா என்று
நாலு தரம் கேட்டு நிச்சயம் செய்துகொள்கிறார்.
என் வாசலில் தசரதன், பையின் ஜிப்பைத் திறந்தபடி.
எனக்கு ஓ.டி. காசு வரவில்லை.
போன மாதமும் இதைத்தான் சொன்னேன்.
வாயைத் திறப்பதற்குள்
பின்னாலிருந்து சுமித்ரா, முழுத் தமிழில்:

"அண்ணா, லைன் இல்ல. நாளைக்கு வாங்க."

அவள் ஊரில் கரண்டுக்கே லைன் என்றுதான் பெயர்.
எங்கள் யாருக்கும் அது தெரியாது.
தசரதன் அவளைப் பார்த்தார்,
கம்பத்தைப் பார்த்தார்,
நனைந்துகொண்டிருந்த கணக்கு நோட்டைப் பார்த்தார்.
இன்னிக்கு லைன் இல்லையா, சரி, என்று
தனக்கே சொல்லிக்கொண்டு
சிரித்துத் தொலைத்தார்.

ஒன்பதரைக்கு வந்தது.
எட்டு வீட்டு பல்பும் ஒன்றாய்க் கண் விழித்தன.
முக்கு டீக்கடையில் இன்னும் அந்த எக்ஸெல்.

டக். டக்.
டக் டக் டக்.
கடைசியாக என்னுடையது.

இரண்டு வீட்டில் மட்டும் வெளிச்சம்.
அதில் ஒன்றில் அவள்
நோட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தாள்.