பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்

ஊத்தான் மெலிந்தாங்கில்
செம்பனை லாரிகள் திரும்பும் முனைக்குப் பின்னால்
ஆ கியோங்கின் படகுப் பட்டறை.
அங்கே நாலு வருஷமாய்
முட்டுக் கட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தது
அந்தப் பழைய பாய்மரப் படகு.
ஊர் பூட்டிக் கிடந்த மாதத்தில்
விமானத்தில் போனவள்
இந்த மார்ச்சில் திரும்பி வந்தாள்,
ஒரு பையும் ஒரு சுத்தியலுமாக.

பாஸ்போர்ட்டில் தனபாக்கியம். வாயில் டானா.
ஊர் டர்பன்.
அவளிடம் மிச்சமிருந்த தமிழ்:
தண்ணி, உப்பு, சும்மா இரு, வர்றேன்.

முதல் நாள் சுத்தியலால்
படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டே போனாள்.
டக். டக். டக்.
ஓரிடத்தில் டொப்.
சாக்கட்டியால் வட்டம் போட்டாள்.
சாயங்காலத்துக்குள் பதினேழு வட்டம்.

நான் ஆலையில் பாய்லர் பக்கம்.
ஷிப்டு முடிந்த மாலைகளும் ஞாயிறும் அவளுக்கு,
மணிக்கு இருபது வெள்ளி.
கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது
கருவாடு.
ஆனால் இரும்பு தெரியும்.
பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைக்
கந்தல் துணியால் உருவிக்கொண்டே போனேன்.
துணி மாட்டினால்
அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது.
எட்டில் ஐந்து மாட்டியது.
புதுக் கம்பியின் விலையைக் கேட்டு
ஆ கியோங் தேநீரை ஆறவிட்டார்.

விஜயகௌரி ரவிக்கை தைக்கிறவள்.
தோட்டத்துப் பூப்பந்து மண்டபத்தில்
பெரிய பாயை விரித்தாள்; ஒரு கோர்ட் மறைந்துபோனது.
"நூல்தான் வெயில்ல செத்திருக்கு,
துணிக்கு உசிர் இருக்கு."
மூன்று இரவு மிஷின் ஓடியது.
பையன்கள் மட்டையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.
பாய்க்கு என்ன கூலி என்று தெரியாமல்
பதினெட்டு ரவிக்கைக்கு உள்ளதைக் கேட்டாள்.

எஞ்சின்தான் ஏய்த்தது.
பத்து நிமிஷம் ஓடும். திணறும். நிற்கும்.
இன்ஜெக்டரைக் கழற்றினேன், பம்பைக் கழற்றினேன்,
ஃபில்டர் மூன்று மாற்றினேன்.
ரொஸ்லி டீசலைக் குற்றம் சொன்னான்,
ஆ கியோங் என்னை.
பிறகு ஒருநாள் டாங்க் மூடியைத் திருகியதும்
உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது,
முங்கி எழுந்தவன் மாதிரி.
ஓடிப்போய்ப் பின்பக்கம் பார்த்தேன்:
சுண்டுவிரல் தடிமனில் காற்றுக் குழாய்,
அதற்குள் மண்.
குளவி கட்டியது. நாலு அறை. காலி.
ஓர் ஆணியால் குடைந்து எடுத்தேன்.
மண்கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து
"நாலு வருஷ வாடகை பாக்கி" என்றாள்
ஆங்கிலத்தில்.

விளக்கு மாற்ற உச்சிக்கு ஏற்றிவிட்டார்கள்,
பலகையில் உட்கார வைத்து, கயிற்றால் இழுத்து.
மேலே போனால் கடல் தெரியும் என்று நினைத்திருந்தேன்.
செம்பனை தெரிந்தது.
அதற்கு அப்பால் செம்பனை.
என் ஆலையின் புகை,
காளியம்மன் கோயில் கலசம்,
பழுப்பாய் வளைந்து போகும் ஆறு.
அது மட்டும்
எங்கேயோ போகிற மாதிரி இருந்தது.

இருநூறு முட்டைக்கு வாசலின் தடவினோம்.
எலுமிச்சையை ஒவ்வொன்றாய்ப் பேப்பரில் சுற்றினோம்.
அரிசி, நெத்திலி, மண்ணெண்ணெய்,
முந்நூறு லிட்டர் தண்ணி.
வரைபடத்தில் பென்சில் கோடு:
சாகோஸ், ரொட்ரிக்ஸ், ரீயூனியன், பிறகு வீடு.
நவம்பர் புயலுக்கு முன்னால் போய்ச் சேரணும்.

ஜூன் பெருநீரில் படகை இறக்கினார்கள்.
சாட்டிலைட் போனில் தங்கச்சியிடம்
ஒரே சொல் சொன்னாள்: "வர்றேன்."
போனை வைத்துவிட்டு
எங்களிடமும் அதையே, அதே குரலில்.
விஜயகௌரி என் காதில்:
"எங்க வர்றா? போறா."
கயிற்றை அவிழ்த்தது நான்தான்.

முட்டுக் கட்டைகள் நின்ற குழிகளில்
தண்ணி நிறைந்து கிடந்தது.
இரண்டு சேற்று மீன்கள் ஏற்கெனவே குடிவந்திருந்தன.

ராத்திரி கருவிப்பெட்டியை எண்ணினேன்.
பன்னிரண்டு இருக்கிறது. பதினாலு இருக்கிறது.
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை
பாட்டரிக்கு அடியில் வைத்தது
இப்போதுதான் நினைவு வருகிறது.
உப்புக் காற்றில் துரு பிடிக்கும்.
எண்ணெய் தடவச் சொல்லியிருக்கலாம்.