நிகர எடை

குலை ஏற்றிய வண்டி மேடையில் ஏறும்.
எழுதுவேன்.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாய் மறுபடி ஏறும்.
எழுதுவேன்.
கழித்தால் வருவதுதான்
அரிசி, டியூஷன் காசு, மோட்டார் தவணை.
பதினோரு வருடமாய் எனக்குத் தெரிந்த கணக்கு
இது ஒன்றுதான்.

சுங்கை தெப்புஸ் பாலத்தில் ஒரு பலகை:
ஐந்து டன்னுக்கு மேல் போகக்கூடாது.
நட்டுவிட்டுப் போன ஜே.கே.ஆர். ஆள்
மூன்று மாதம் என்றான்.
ஆறு வருடம் நின்றது.

பாலம் தாண்டினால் ஆலை ஐந்து கட்டை.
சுற்றிப் போனால் முப்பத்தெட்டு.
நடுவில் உள்ள முப்பத்து மூன்று கட்டையை
யாரும் சும்மா ஓட்டவில்லை.
டன்னுக்கு இருபத்திரண்டு வெள்ளி
என்று தவுக்கே லிம் பிடித்துக்கொள்வார்,
எழுதுவது என் கை.
"பாலம் தின்னுதா, நீ தின்னுறியா?"
என்றான் நவநீதன் ஒருநாள்,
இரண்டு வருடமாய் உரம் போடாத மூன்று ஏக்கர்க்காரன்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்று
நிலம் பார்க்க வந்தது அப்போது.
நிலத்தை அவர்கள் பார்க்கவில்லை.
பலகையைப் படித்தார்கள்,
காரைத் திருப்ப இடம் தேடினார்கள்.

போன மாசி மகத்துக்கு மறுநாள்
புதுப் பாலம் திறந்தது.
ரிப்பன் வெட்டியவர் பெயர் மறந்துபோனது.
முதலில் கடந்தது ரம்லியின் லோரி, இருபத்தாறு டன்.
கீழே ஆறு ஒரு கணம் நின்று பார்த்ததாக
இன்றும் சத்தியம் செய்கிறான்.

பிடித்தம் ஆறு வெள்ளிக்கு இறங்கியது.
மிச்சம் பதினாறு எங்கே போனது என்றால்
நவநீதன் தோட்டத்தில் உர மூட்டை.
அதே கார் திரும்பி வந்தது, இந்த முறை நிலத்தையும் பார்த்தது.
விடியுமுன் ஒரு பஸ் லயத்து முனையில் நிற்கிறது,
ஜொகூருக்குப் போகவிருந்த நாகேஸ்வரி
சீருடையோடு அதில் ஏறுகிறாள்.
என் வீட்டு வாடகை எண்பது வெள்ளி ஏறியது.
மைதீன் அண்ணன் மளிகையில்
மாவு வாங்க ஆளில்லை:
பாலத்துக்கு அந்தப் பக்கம் நாற்பது காசு மலிவு.

சுற்றுவழி பிரியும் முச்சந்தியில்
தவமலர் நாசி லெமாக் விற்றாள்.
முப்பத்தெட்டு கட்டைக்கு இரண்டு பொட்டலம்,
சில நாள் மூன்று.
ஐந்து கட்டைக்கு யாருக்கும் பசிப்பதில்லை.

"உன் மேடையில இந்த ஊர ஏத்திப் பாரேன்" என்றாள்,
"கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"
கழிப்பதற்கு முதல் எடை வேண்டும்.
அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

கம்பெனி வாசலில் கடை போட
நகராண்மைக் கழகத்துக்கு மனு கொடுத்திருக்கிறாள்,
பதில் இல்லை இன்னும்.
பிடுங்கிப் போட்ட அந்தப் பலகையை
அவள்தான் கேட்டு வாங்கிப் போனாள்.
அடுக்களைக் கதவோரம் சாய்ந்து கிடக்கிறது.
எதற்கு என்றேன்.
"மழைத் தண்ணி உள்ளே வராம."