சுடர்ச் சோதனை

காலையில் பேருந்தில்
பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்:
"டீச்சருக்கு எந்தூரு?"
சொன்னேன்.
"ஊருக்குள்ள எங்கன?"

அடுப்பை ஒரு திருகு கூட்டிவைக்கிற கேள்வி.
ஊர்ப்பெயரில் நிறம் பிடிபடாதவர்கள்
தெருவைக் கேட்பார்கள்,
அதிலும் பிடிபடாவிட்டால்
கொடைக்குப் போகிற கோயிலை.
மூலைக்கரைப்பட்டி வரும்வரை
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி
எரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வேதியியல் செய்முறைத் தேர்வு.
புறத்தேர்வாளர் நான்.
மாணவர்க்குப் பெயர் கிடையாது, பதிவெண் மட்டும்.
நல்ல விதி.
பதினெட்டு பன்சன் அடுப்பில் பதினொன்று எரிந்தது.
மற்றதற்கு லேப் உதவியாளர் மாசானம்
என்னிடம் வருத்தம் தெரிவித்தார்,
அவர்தான் அடைத்து வைத்ததுபோல.
வாசலில் ஒரு சுற்றறிக்கை:
கையில் கயிறு கட்டி வரக்கூடாது,
எந்த நிறமானாலும்.

கட்டி வரவில்லை.
அவிழ்த்துப் பைக்குள் போட்டிருந்தார்கள்.
வெயிலில் கறுத்த மணிக்கட்டுகளில்
கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்து,
ஒரு வளையம்.

சூரிய வெளிச்சத்தைச் சிறு பிளவில் விட்டுப்
பட்டகத்தில் விரித்தால்
நிறங்களுக்கு இடையே கறுப்புக் கோடுகள் விழும்.
வந்துசேராத ஒளிதான்
அங்கே என்ன இருக்கிறதென்று சொல்லும்.
கல்லூரியில் அதற்கு ஐந்து மதிப்பெண்.

இந்த வளையமோ பாதிதான் சொன்னது.
கயிறு இருந்தது, சரி.
என்ன நிறம்?
வருகைத்தாளில் கையெழுத்து வாங்கும்போதெல்லாம்
அந்த மீதிப் பாதிக்காக
என் கண் காத்திருந்தது.
யாரும் கேட்கப்போவதில்லை என்பதால்
இங்கே எழுதிவைக்கிறேன்.

கொடுத்த உப்பு கால்சியம்.
நேற்றே கசிந்திருக்க வேண்டும்.
சுடரைத் திரும்பிக்கூடப் பாராமல்
'செங்கல் சிவப்பு', 'செங்கல் சிவப்பு' என்று
வரிசையாக எழுதினார்கள்.
ஒருத்தி அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

கடைசி அணியில் ஒரு பையன், எண் 0638.
கம்பியை விரலால் துடைத்தான்,
உப்பைத் தொட்டுச் சுடரில் நீட்டினான்.
குபீரென்று மஞ்சள்.
மறுபடி துடைத்தான், அதே விரலால்.
மறுபடி மஞ்சள்.
மணி நாலு. ஒரு மின்விசிறி. விரலெல்லாம் வியர்வை.
மனப்பாடப் பட்டியலில் அந்த நிறம் இல்லை.
ஆனாலும் 'காண்பன' என்ற கட்டத்தில்
மஞ்சள் என்று எழுதி,
'அறிவன' என்ற கட்டத்தை வெறுமனே விட்டு
என்னைப் பார்த்தான்.
நான் வாய் திறக்கக்கூடாது. அதுவும் விதி.

உப்பின் நிறமல்ல அது, அவன் விரலுடையது.
சோடியம். என் விரலை வைத்திருந்தாலும் அதேதான்,
பேருந்துக்காரியின் விரலை வைத்திருந்தாலும்.
இதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம்.
விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை.
அத்தனை பேரிலும்
கண்டதைக் கண்டபடி எழுதியவன் அவன் ஒருவன்.
அந்த வரிக்குச் சுழியம் போட்டேன்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

தாள்களைக் கட்டி அரக்கு வைத்து
நான் வெளியே வர மணி ஏழு.
ஊரெல்லாம் வெள்ளை விளக்கு மாற்றிவிட்டார்கள்,
நிறுத்தத்தில் மட்டும் பழைய சோடியம் விளக்கு ஒன்று
மறதியில் மிச்சம்.
அதன் அடியில் பையன்கள்
பையிலிருந்து கயிறெடுத்து
ஒரு முனையைப் பல்லில் கடித்து
மறுகையால் முடிச்சிட்டுக்கொண்டிருந்தார்கள்.
0638-ம் இருந்தான்.
மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாக் கயிறும்
ஒரே சேற்று நிறம்.

ஏழேகால் வண்டி வளைவில் திரும்பியது.
முகப்பு விளக்கு
முதலில் புளியமரத்தில், பிறகு சுவரில்,
பிறகு அவர்கள் கைகளை நோக்கி.
தலையைத் திருப்பிக்கொள்ள
ஒரு நொடி இருந்தது எனக்கு.
முழுசாக ஒரு நொடி.

பார்த்தேன்.