கரண்டு

"யாரு?" என்பார்கள் உள்ளிருந்து.
"கரண்டு" என்பேன்.
பத்தொன்பது வருஷமாக
இதுதான் கேள்வி, இதுதான் பதில்.
சமாதானபுரத்தில், முருகன்குறிச்சியில்,
தொழுகை முடிந்து செருப்புகள் கலையும் மேலப்பாளையத்துச் சந்துகளில்
கதவிடுக்கில் பாதி முகம் தெரியும்.
பாதி முகத்துக்குப் பாதி முகம் காட்டி
மீட்டரைப் படித்து, அட்டையில் எழுதி,
அடுத்த வீடு.

பங்குனியில்தான் அது வந்தது.
வண்ணார்பேட்டையில், ஒரு மூன்று மாடி வீட்டுப் படியில்,
நெஞ்சுக்குள் யாரோ சைக்கிள் பம்பு அடித்தார்கள்.
கைப்பிடிச் சுவர் கைக்கு எட்டாத தூரம் போயிற்று.
சாகப்போகிறேன் என்று தெரிந்தது.
அவ்வளவு தெளிவாக
அதுவரை எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை.
ஈசிஜி எடுத்துவிட்டு
"ஒண்ணுமில்லம்மா" என்றார்கள்.
ஒண்ணுமில்லாததற்கா இவ்வளவு வேர்வை?

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு வராந்தா.
ஆபீஸ் ஆள் யாரும் பார்த்துவிடாமல்
முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டிருந்தேன்.
"முப்பத்தொண்ணு, ஜெபக்கனி!"
இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.
யாரந்த ஜெபக்கனி என்று
நானும் திரும்பிப் பார்த்தேன்.
பக்கத்திலிருந்தவள் என் சீட்டை எட்டிப் பார்த்து
"யக்கா, ஒங்களத்தான் கூப்பிடுதாவ" என்றாள்.

டாக்டர் சின்னப் பெண்.
கொட்டாவியை விழுங்கிவிட்டு
ராத்திரிக்கு அரை மாத்திரை எழுதினாள்.
"மூச்சைப் பாருங்க. மாத்த வேண்டாம்.
சும்மா பாருங்க."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பார்ப்பது, உள்ளபடி எழுதுவது,
என் உத்தியோகமே அதுதானே தாயி.

ஆனால் வரவில்லை.
படுத்துக்கொண்டு பார்த்தால் மூச்சு
இன்ஸ்பெக்டர் நுழைந்த வகுப்பறைபோல் விறைத்துக்கொண்டது.
முதல் நூறு இலவசம் என்று
எனக்கு நானே சலுகை கொடுத்து எண்ணினேன்.
நூற்றியோராவதில்
பயம் பில்லோடு வந்து நின்றது.
பார்க்கிறவள் யார், படுத்திருக்கிறவள் யார் என்று குழம்பி
எழுந்து தண்ணீர் குடித்தேன்.
ரெண்டு பேருக்கும் தாகம் ஒன்றாகத்தான் இருந்தது.

ஆனி பிறந்து, மேற்கிலிருந்து காற்று
மண்ணை வாரி இறைத்த ஒரு மதியம்.
மகாராஜநகரில் அந்தப் பூட்டிய வீடு.
ஏழு மாதமாக ஆளில்லை. மஸ்கட் என்றார்கள்.
மீட்டர் வெளியே. கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தேன்.
போன தடவைக்கு நாலு யூனிட் கூட.

யார் எரித்தது?

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.
இருட்டு, மூடிய சோபா,
உள்ளறைச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு பல்பு.
போகிற அவசரத்தில் அணைக்க மறந்தது.
பார்க்க ஆளில்லாமல்,
இன்னாருக்கென்று இல்லாமல்
இத்தனை நாளும் எரிந்திருக்கிறது.

படியில் உட்கார்ந்துவிட்டேன்.
மீட்டரில் சின்னச் சிவப்பு வெளிச்சம் எப்போதாவது மினுக்கியது.
ஈய முத்திரைக் கம்பியில்
ஒரு எறும்பு போய்த் திரும்பியது.
எங்கோ நுங்கு வண்டி மணி.
புழுதியில் மேற்கு மலை தெரியவில்லை.
பல்லில் மண் கரகரத்தது.
பம்பு அடிக்கத் தொடங்கியது நெஞ்சில்.
அடிக்கட்டும் என்று
அட்டையில் நாலு என்று எழுதினேன்.
கை நடுங்கியதால் அது ஏழுபோல் விழுந்தது.
அடித்துத் திருத்திச் சுருக்கெழுத்துப் போட்டேன்.
அதற்குள் எவ்வளவு மூச்சு போயிருக்கும்,
எண்ணவில்லை.

அடுத்த வீட்டில் மணி அடித்தேன்.
"யாரு?"
"கரண்டு."
உள்ளே மிக்ஸி ஓடியது, கேட்டிருக்காது.
"யாரு?" என்றது திரும்பவும்.
வாயைத் திறந்தேன்.
கரண்டு வரவில்லை, ஜெபக்கனியும் வரவில்லை.
வெயில் உச்சந்தலையில் இருந்தது.
செருப்பு வார் சுண்டுவிரலை அறுத்துக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்,
பதில் சொல்ல வேண்டும் என்கிற
அவசரம் இல்லாமல்.

பிறகு நாய் குரைத்தது.
அதற்கு மட்டும்
சந்தேகமே இல்லை, யார் என்று.